நடக்காததற்கு ரசீது இல்லை

ஜனவரி 9, வியாழன்

சுற்றறிக்கை வந்துவிட்டது. வரும் நிதியாண்டில் பன்னிரண்டு சதவீதம் குறைக்க வேண்டும். போன வருடம் ஐந்து கேட்டார்கள். காகிதம், வெள்ளையடிப்பு, மின்விசிறி என்று பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தேன். இனிப் பிய்க்க இறகு இல்லை. தோல்தான்.

மேடம் கூப்பிட்டார். மாவட்டச் சுகாதாரம் முழுவதும் அவர் கையில். அவருடைய கணக்கு அதிகாரி நான். உட்காரச் சொல்லாமலே சொன்னார்: "சம்பளத்தைத் தொடாதீங்க. மருந்தைத் தொடாதீங்க. பேப்பர்ல வர்ற மாதிரி எதையும் தொடாதீங்க. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

மத்ததெல்லாம் என்றால் எதெல்லாம்?

திரும்பும்போது மழை. ஜீப்பின் வைப்பர் என் பக்கக் கண்ணாடியை மட்டும் துடைக்கிறது. டிரைவர் என் பக்கம் சாய்ந்து சாய்ந்து ஓட்டினார். "இதைச் சரி பண்ணச் சொன்னோமே?" என்றேன். "பில் பாஸ் ஆகல சார்" என்றார். பாஸ் பண்ண வேண்டியவன் நான்தான். பதினொரு வருடமாக என்னை ஏற்றி இறக்குகிறார். ஹார்ன் அடிக்க மாட்டார், வாயும் திறக்க மாட்டார். அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் சைலன்ஸர்.

ஜனவரி 21, செவ்வாய்

காலை முதல் மாலை வரை ஆள் மாற்றி ஆள். ஆம்புலன்ஸ் பொறுப்பாளர், இரண்டு வண்டி ஏற்கெனவே படுத்துவிட்டது என்கிறார். தடுப்பூசிக் கிடங்குக்காரர் குளிர்பெட்டியின் வெப்பநிலைத் தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்து மேசையில் போட்டார். பிரசவ வார்டு டாக்டரம்மா மட்டும் சிரித்துக்கொண்டே பேசினார்: "பொறக்குற குழந்தைங்களை அடுத்த பட்ஜெட் வரைக்கும் வயித்துலயே இருக்கச் சொல்லட்டுமா சார்?"

எல்லோரும் சொல்வது உண்மை. அதுதான் சங்கடம். ஒருவராவது பொய் சொன்னால் என் வேலை சுலபமாகியிருக்கும்.

'இதர செலவுகள்' பிரிவிலிருந்து யாரும் வரவில்லை. அதில் பெரிய தொகை ஒன்றே ஒன்று. சர்க்கரைக்காரர்களுக்கான கால் பராமரிப்பு நிலையம்: ஒரு நர்ஸ், ஒரு உதவியாளர், வாடகைக் கட்டடம், வாரம் மூன்று காலை. பதினெட்டு வருடமாக நடக்கிறதாம். நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஜனவரி 23, வியாழன்

பார்க்காமல் வெட்டக்கூடாது என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன். போய்ப் பார்த்தேன்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. சைலன்ஸர் முனையிலேயே நிறுத்திவிட்டார். "உள்ள திருப்ப எடம் இல்ல சார்." நடந்து போனேன். இடம் இருந்தது, லாரியே திரும்பலாம்.

இரண்டு அறை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒவ்வொன்றின் முன்னும் வெந்நீர் வாளி. நர்ஸ் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, ஒரு தையல்காரரின் பாதத்தை மடியில் வைத்திருந்தார். மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு நூல். அதால் பாதத்தை அங்கங்கே தொடுகிறார். "கண்ணை மூடிக்கங்க. தொட்டா சொல்லுங்க." தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். நர்ஸ் தொட்டுக்கொண்டே இருந்தார். பெருவிரல், குதிகால், ஓரம். தையல்காரர், "ஆரம்பிக்கலயாம்மா?" என்றார்.

என் செருப்புக்குள் விரல்களை அசைத்துப் பார்த்துக்கொண்டேன்.

பெரிய நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். பக்கத்துக்கு ஒரு பாதம், பென்சிலால் ஓரம் வரைந்து, புண் வந்த இடம் சிவப்பு மையில். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். நகம் வெட்டுகிறார், காய்ப்பு சீவுகிறார், கொப்புளத்துக்குக் கட்டுப் போடுகிறார். அவ்வளவுதான் வேலை.

"போன வருஷம் எத்தனை பேர் காலைக் காப்பாத்தினீங்க? ஒரு எண் கொடுத்தா எனக்கு உதவியா இருக்கும்" என்றேன்.

அவர் அடுத்த பாதத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கால் போயிருந்தா ஆஸ்பத்திரியில சீட்டு இருக்கும், எண்ணிடலாம். போகலையே. நடக்காததுக்கு ரசீது இல்ல சார்."

இருநூற்றுப் பன்னிரண்டு என்று மட்டும் குறித்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 6

மனைவியிடம் சொன்னேன். பள்ளி ஆசிரியை, இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் பள்ளியின் துப்புரவுப் பணியாளர் இடத்தை எடுத்துவிட்டார்கள். அது என் துறை இல்லை. ஆனாலும் என்னைத்தான் திட்டுவாள்.

"நகத்தால கிள்ள வேண்டியதைக் கோடாலியால வெட்டுற கதைதான் இது" என்றாள்.

"கிள்ளுறதுக்கும் காசு வேணுமே."

"கோடாலிக்கு வேணாமா?"

கோடாலி என் கணக்கில் வராது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 20

பட்டியல் முடிந்தது. மூன்று வாரம் எடுத்தது. குளிர்பெட்டிப் பராமரிப்பை எடுத்தால் தடுப்பூசி கெடும். ஆம்புலன்ஸை எடுத்தால் அன்றைக்கே பிணம் விழும். ஒப்பந்த ஊழியர்களுக்கு ஏற்கெனவே இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. பணம் நிஜமாகவே இல்லை. இருப்பதை ஒளித்து வைத்துக்கொண்டு யாரும் விளையாடவில்லை. இதை எழுதி வைத்துக்கொள்கிறேன், பிற்பாடு என்னையே நான் திட்டும்போது பார்க்க.

காலி இடங்கள் நிரப்பப்படாது. கட்டட மராமத்து தள்ளிவைப்பு. கால் நிலையம் மூடல். நர்ஸ் பெரிய ஆஸ்பத்திரி அறுவை வார்டுக்கு மாற்றம். யாருக்கும் வேலை போகவில்லை. நோயாளிகளுக்குப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது.

இதைவிட நியாயமாக யார் செய்திருக்க முடியும்?

பிப்ரவரி 28, வெள்ளி

மேடம் கைகொடுத்தார். "சத்தமே வராம வெட்டியிருக்கீங்க." பாராட்டுக் கடிதம் வருமாம். அழுத பிள்ளைக்குத்தான் பால். அழாத பிள்ளையைக் கண்டுபிடிப்பதுதான் என் திறமை போலிருக்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

நர்ஸ் சாவியைக் கொடுக்க வந்தார். வாளிகள் பதினான்கு, நாற்காலிகள் பன்னிரண்டு, கருவி வேகவைக்கும் பாத்திரம் ஒன்று. கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

"எல்லாரையும் எங்க போகச் சொல்லட்டும் சார்?"

"பெரிய ஆஸ்பத்திரி. திங்களும் வியாழனும் புறநோயாளிப் பிரிவு."

"அங்க காலைல ஆறு மணிக்கு டோக்கன். டாக்டர் வர்றப்ப ஒன்பதரை. முடியறப்ப மதியம். கொப்புளத்துக்காக யார் சார் அரை நாள் கூலியை விடுவா? வலிச்சாலாவது போவாங்க. இவங்களுக்குத்தான் வலிக்காதே."

ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், பரிசீலிக்கிறேன் என்றேன். எழுதித் தரவில்லை. சிரித்தார் என்று நினைக்கிறேன்.

மே 8, வியாழன்

சைலன்ஸர் இன்று வாய் திறந்தார். வியாழக்கிழமைகளில் பதினொரு மணிக்கு வரலாமா என்று கேட்டார். வியாழன் ஒன்பது மணிக்கு ஆய்வுக்கூட்டம். "எப்படிங்க முடியும்?" என்றேன். "அப்ப திங்கள் சார்?" திங்கள் காலையில்தான் மேடத்தைத் தலைமையகத்துக்கு அழைத்துப் போகவேண்டும். "என்ன விஷயம்?" என்றதற்கு, "வீட்ல ஒரு வேலை சார், பரவால்ல" என்றார்.

பாராட்டுக் கடிதம் வந்தது. தட்டச்சில் என் பெயரில் ஒரு எழுத்து பிழை.

ஜூன் 19

வெயில் தாங்கவில்லை. ஜீப்பின் தரைத் தகரம் கொதிக்கிறது. என் பக்கம் சாக்குத் துணி போட்டிருக்கிறார். அவர் பக்கம், பிரேக், கிளட்ச் மிதிகளுக்கு இடையில், போட முடியாது. சைலன்ஸர் லேசாக நொண்டுகிறார். செருப்பு கடித்துவிட்டதாம்.

ஜூலை 14, திங்கள்

ஜீப்பில் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று நினைக்கிறேன். இருக்கைக்கு அடியில் பார்த்துச் சுத்தம் செய்யச் சொன்னேன். "பாக்கறேன் சார்" என்றார்.

ஜூலை 16

கண்ணாடியில் வாசனை அட்டை ஒன்று தொங்குகிறது. சொந்தக் காசில் வாங்கியிருக்கிறார். நாற்றம் போகவில்லை, இரண்டும் சேர்ந்து இன்னும் மோசம். எரிச்சலில் ஏதோ சொல்லிவிட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தோம்.

செப்டம்பர் 18, வியாழன்

சைலன்ஸர் வரவில்லை. பதினொரு வருடத்தில் சொல்லாமல் வராதது இதுவே முதல் முறை. கூட்டத்துக்கு ஆட்டோவில் போய் இருபது நிமிடம் தாமதம். மேடம் முகம் கொடுக்கவில்லை. சைலன்ஸர் வந்ததும் கடுமையாகப் பேச வேண்டும்.

செப்டம்பர் 19, வெள்ளி

எழுத வரவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

வெள்ளிக்கிழமை மதியம் சைலன்ஸரின் மனைவி அலுவலகத்துக்குப் போன் செய்தார். பெரிய ஆஸ்பத்திரி, அறுவை வார்டு. போனேன்.

வலது கால். முழங்காலுக்குக் கீழே இல்லை. போர்வை அந்த இடத்தில் தட்டையாகப் படுத்திருக்கிறது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் பதினொரு வருடமாகப் பார்த்தது அவருடைய ஒரு பக்கக் கன்னத்தைத்தான். முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

கட்டு மாற்ற வந்தது அந்த நர்ஸ்தான். என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தார்.

"உங்க வண்டி டிரைவரா சார் இவர்?" கேட்டுவிட்டு அவரே தலையாட்டினார். "ஒவ்வொரு வியாழனும் ஏழு மணிக்கு முதல் ஆளா வருவார். எட்டு மணிக்கு சாரை ஏத்தணும்பார். எந்த சார்னு சொன்னதில்ல."

அன்றைக்கு ஏன் சந்து முனையிலேயே நிறுத்தினார் என்று இப்போது தெரிகிறது. உள்ளே வந்திருந்தால் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். பாதத்தில் உணர்ச்சி இல்லாதவர் அரசு வண்டி ஓட்டக்கூடாது. உடல்தகுதிச் சான்று கிடைக்காது. யாரிடம் சொல்லுவார்? என்னிடமா?

தகரம் சுட்டிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. கொப்புளம், புண், சீழ். வியாழக்கிழமை போகலாமா என்று கேட்டார், நான் கூட்டம் என்றேன். திங்கள் கேட்டார், மேடம் என்றேன். வாசலில் வந்து நின்று கேட்ட மனுஷன்யா! என்ன விஷயம்னு இன்னொரு தரம் கேட்டா நாக்கு தேஞ்சா போயிருக்கும்?

எலி. எலி செத்துக் கிடக்குன்னு சொன்னேனே. அந்த மனுஷன் மூஞ்சிக்கு நேரா சொன்னேனே.

செப்டம்பர் 24

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவின தட்டையே திரும்பக் கழுவினாள்.

அக்டோபர் 9, வியாழன்

அறுவை வார்டின் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். எனக்கு அதிகாரம் கிடையாது, நர்ஸ் கொடுத்தார். போன வருடம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சர்க்கரையால் கால் எடுத்தவர்கள் ஐந்து பேர். இந்த வருடம் அதே ஆறு மாதத்தில் பதினான்கு. அதில் ஒன்பது பேர் நர்ஸின் பாத நோட்டில் இருந்தவர்கள். தையல்காரர் இருக்கிறார். தையல் மெஷினை மிதிக்கிற கால்.

படுக்கை, அறுவை, ரத்தம், மருந்து என்று ஒரு காலுக்கு ஆகும் செலவைப் போட்டுப் பார்த்தேன். நிலையத்தை மூடி ஒரு வருடத்தில் மிச்சம் பிடிப்பதாகக் காட்டிய தொகை ஐந்தாவது காலிலேயே தீர்ந்துவிட்டது.

மேடத்திடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுவதும் படித்தார். கெட்டவர் இல்லை.

"வருத்தமாத்தான் இருக்கு. ஆனா இது ஆஸ்பத்திரிச் செலவு. அது அவங்க கணக்குத் தலைப்பு, தனி பட்ஜெட். நம்ம தலைப்புல மிச்சம்தானே காட்டுது?"

தலைப்பு பிழைத்துக்கொண்டது. கால்தான் போயிற்று.

"திரும்பத் திறக்கணும் மேடம்" என்றேன்.

"திறங்களேன். அதே தொகைக்கு வேற எதை நிறுத்தறீங்கன்னு எழுதுங்க. ஈடு காட்டாம மேல அனுப்பினா என்னைத்தான் கேப்பாங்க."

வார்டில் நர்ஸும் இதையேதான் வேறு மாதிரி கேட்டார்: "அன்னிக்கு இதை வெட்டலேன்னா வேற என்ன சார் வெட்டியிருப்பீங்க?" உட்கார்ந்து யோசித்தேன். பழைய பட்டியலை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தேன்: குளிர்பெட்டி, ஆம்புலன்ஸ், சம்பள பாக்கி.

நவம்பர் 6

ஈடு கிடைத்துவிட்டது. சைலன்ஸரை உடல்தகுதியின்மையால் ஓய்வில் அனுப்புகிறார்கள். அவர் இடம் காலி. அந்த டிரைவர் பணியிடத்தையே அரசிடம் ஒப்படைத்து ரத்து செய்துவிட்டால், வருடச் சம்பளம் ஏறக்குறைய நிலையத்தின் செலவுக்குச் சமம். குறிப்பு எழுதிவிட்டேன். நாளை மேடத்துக்குப் போகிறது.

பல மாதத்துக்குப் பிறகு இன்று பசித்துச் சாப்பிட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

சைலன்ஸரின் மனைவி வந்தார். கையில் ஒரு விண்ணப்பம், ஓரம் மடங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் உறையில். ஊழியர் உடல்நிலையால் ஓய்வு பெற்றால், குடும்பத்தில் ஒருவருக்கு அதே பணியிடத்தை அலுவலக உதவியாளராக மாற்றிக் கொடுக்க விதி இருக்கிறது. மகளுக்கு வயது இருபது, தட்டச்சு முடித்திருக்கிறாள்.

"அந்த எடம் காலியாத்தானே சார் இருக்கு? வேற யாருக்கும் போயிடலையே?"

என் குறிப்பு மேசையின் மீது, அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. மேலே ஒரு கோப்பை எடுத்து வைத்தேன்.

"இருக்கும்மா" என்றேன்.

நவம்பர் 12

குறிப்பும் போகவில்லை, விண்ணப்பமும் போகவில்லை. இரண்டும் ஒரே இழுப்பறையில். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இல்லை, நான் மத்தளம் இல்லை. இங்கே அடிக்கிறவனே நான்தான்.

இருநூறு சொச்சம் பாதங்கள் ஒரு பக்கம். நான் நொண்டியாக்கிய ஒரு வீடு இன்னொரு பக்கம். கணக்குப்படி பார்த்தால் இருநூறுதான் பெரிது. கணக்குப்படி பார்த்துத்தானே இங்கே வந்து நிற்கிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு

சைலன்ஸர் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒற்றை அறை. பதினேழு படி, இறங்க முடியாததால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கீழேயே வரவில்லை. செயற்கைக் காலுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். வரிசையில் முன்னூற்று நாற்பதாவது. ஜன்னலோரம் நாற்காலி. கீழே போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளதைச் சொன்னேன். ஒளிக்கவில்லை. அந்த இடத்தை விட்டால் நிலையம் திறக்கும். கொடுத்தால் உங்கள் மகளுக்கு வேலை. இரண்டுக்கும் பணம் இல்லை.

கீழே ஒரு பேருந்து திரும்பி மறையும்வரை பார்த்தார்.  பிறகு திரும்பினார்.

"நான் என்ன சொல்லணும்னு வந்தீங்க சார்?"

"தெரியல."

"எனக்குத் தெரியுது. 'எம் பொண்ணுக்கு வேணாம், நாலு பேர் கால் நல்லா இருக்கட்டும், கிளினிக்கைத் தெறங்க'ன்னு நான் சொல்லணும். நீங்க நிம்மதியா படி எறங்கிப் போகணும்." குரல் உயரவில்லை. "சொல்ல மாட்டேன் சார். அவ வேலைக்குப் போனாத்தான் இந்த வீட்ல அடுப்பெரியும். மத்தவங்க காலுக்கு என் கஞ்சியில கை வெக்காதீங்க."

"தப்பா நெனைக்காதீங்க…"

"பதினோரு வருஷம் உங்களை எங்கயாவது இடிச்சிருக்கேனா? ஒரு கீறல்? நீங்க பாத்து ஓட்டியிருக்கலாம் சார்."

மகள் தேநீர் கொண்டுவந்தாள். குடித்தேன். பதினேழு படியும் இறங்கினேன். என் இரண்டு காலாலும்.

நவம்பர் 24, திங்கள்

குறிப்பைக் கிழித்தேன். மகளின் விண்ணப்பத்துக்குப் பரிந்துரை எழுதி மேடத்திடம் நேரில் கொடுத்தேன். உடனே கையெழுத்துப் போட்டார். "நல்ல காரியம்" என்றார்.

டிசம்பர் 11

தையல்காரர் இறந்துவிட்டார். நர்ஸ் சொன்னார். அடுத்த கால் எடுக்க நாள் குறித்திருந்தார்களாம்.

டிசம்பர் 16

போன வாரம் பேருந்தில் வரும்போது ஒரு யோசனை வந்தது. ஜீப் செப்டம்பரிலிருந்து கொட்டகையில் நிற்கிறது. டிரைவர் இல்லை. ஆனால் எரிபொருள், பழுதுபார்ப்புத் தொகை மாதாமாதம் ஒதுக்கீடாகிக்கொண்டுதான் இருக்கிறது. செலவாகாவிட்டால் வருடக் கடைசியில் திரும்பிப் போய்விடும். முழு நிலையத்துக்குப் போதாது. வாரம் ஒரு காலைக்குப் போதும்.

விதிப்படி ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற மேலிட அனுமதி வேண்டும். கேட்டேன். 'இயலாது.' ஒரே சொல். அதற்குக் கீழே கையெழுத்து நீளமாக.

முப்பத்தொரு வருடச் சேவை. ஒரு பொய் பில்கூட எழுதினதில்லை. எழுதியிருக்கிறேனா? இல்லை.

ஜனவரி 10, சனி

இன்று நடந்தது: கால் நிலையம், ஜீப் கொட்டகையில். சனிக்கிழமை அலுவலகம் விடுமுறை. காவலாளியும் நானும் இன்னும் நாலு பேரும் ஜீப்பைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளினோம். உள்ளே நாற்காலிகளைப் போட்டோம். நர்ஸுக்கு அன்று வார விடுப்பு. சம்பளம் வேண்டாம் என்றுவிட்டார். "எனக்காக வரல சார், உங்களுக்காகவும் வரல" என்று முதலிலேயே தெளிவாக்கினார்.

பத்தொன்பது பேர் வந்தார்கள். எனக்குத் தெரிந்த வேலை வெந்நீர் சுமப்பது. காவலாளிதான் கடைசி ஆள். அவருக்கும் சர்க்கரையாம், இருபது வருடமாக வாசலில் நிற்கிறார். குதிகாலில் நாணய அளவு புண். அவருக்கே தெரியாது.

ஜீப் செலவாக நான் எழுதிய பில்: கட்டுத் துணி – 'வண்டி துடைக்கும் துணி'. களிம்பு – 'கிரீஸ்'. சீவும் கத்தி – 'உதிரி பாகம்'. வெந்நீருக்கு மண்ணெண்ணெய் – 'எரிபொருள்'. அது ஒன்றாவது உண்மை.

வீட்டில் மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாட்டினா பென்ஷன் போகும்ங்க" என்றாள். "தெரியும்" என்றேன். "நம்ம வீட்டுக் கஞ்சி" என்றாள். 

பிப்ரவரி 14, சனி

முப்பத்தொரு பேர்.

புதிய சுற்றறிக்கை: எட்டு சதவீதம்.

ஏப்ரல் 1, புதன்

சைலன்ஸரின் மகள் வேலையில் சேர்ந்தாள். பதிவேடுகள் பொறுப்பு. என்னைப் பார்த்து "குட்மார்னிங் சார்" என்றாள், கண்ணைப் பார்க்கவில்லை. கையெழுத்து அப்பா மாதிரியே, சாயாமல் நிமிர்ந்து நிற்கிறது.

மே 12, செவ்வாய்

தணிக்கைக் குழு வந்திருக்கிறது. மூன்று பேர். வருடா வருடம் வருகிறவர்கள்தான். தலைமை அதிகாரி புதியவர், இளைஞர். தேநீர்கூட வேண்டாம் என்கிறார்.

மே 13

ஜீப்பின் ஓட்டப் பதிவேட்டைக் கேட்டிருக்கிறார். மகள் எடுத்துக் கொடுத்துவிட்டாள். நான் கூட்டத்தில் இருந்தேன். திரும்பி வரும்போது அவர் மேசையில் அது திறந்து கிடந்தது. செப்டம்பர் 17 வரை சைலன்ஸரின் கையெழுத்தில் ஒவ்வொரு கிலோமீட்டரும். அதற்குப் பிறகு வெள்ளைத் தாள். வெள்ளைத் தாளுக்கு எதிரே என் எரிபொருள் பில்கள்.

மாலையில் மகள் என் அறை வாசலில் நின்றாள். யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை விஷயம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், மேடத்தைத் தவிர. மேடத்துக்கும் தெரிந்திருக்கலாம்.

"கேட்டாங்க… குடுத்துட்டேன் சார். எனக்குத் தெரியாது."

"சரியாத்தான் செஞ்சிருக்கே. கேட்டா குடுக்கணும்."

"அப்பாகிட்ட போன்ல சொன்னேன் சார்."

"என்ன சொன்னார்?"

கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணும் சொல்லல. சனிக்கிழமை எத்தனை மணிக்குன்னு கேட்டார். இன்னொரு கால் இருக்குல்ல, அதுக்கு."

மே 16, சனி

வந்தார். அண்டைவீட்டுக்காரர் இருவர் கைத்தாங்கலாக இறக்கியிருக்கிறார்கள். வரிசையில் உட்கார்ந்தார். அவர் முன்னால் வாளியை வைத்தேன். தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடு ஜாஸ்தி சார்" என்றார். பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். இடது காலை வைத்தார்.

அடுத்தவருக்கு வெந்நீர் எடுக்கப் போனேன்.

ஜூன் 5, வெள்ளி

குற்றக் குறிப்பாணை வந்தது. இந்த முறை என் பெயரைச் சரியாக அடித்திருக்கிறார்கள். 'ஓடாத வாகனத்துக்கு எரிபொருள் மற்றும் பழுதுச் செலவு.' விளக்கம் பதினைந்து நாட்களுக்குள். அதுவரை பில் எதிலும் நான் கையெழுத்திடக் கூடாது. கொட்டகைக்குப் பூட்டுப் போட உத்தரவு, திங்கள் முதல்.

மேடம் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.  எட்டு சதவீதப் பட்டியலை வேறொருவர் தயாரிக்கிறாராம்.

மாலை நர்ஸ் போன் செய்தார். "நாளைக்கு நாப்பத்து மூணு பேரை வரச் சொல்லியிருக்கேன் சார். வரட்டுமா, வேணாமா?"

"வரட்டும். பூட்டு திங்கள்தான்."

"துணி குறைவா இருக்கு."

"நான் வாங்கிட்டு வரேன்."

அடுத்த சனிக்கிழமையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மருந்துக்கடையில் இரண்டு கட்டு வாங்கினேன். பில்லில் என்ன எழுதட்டும் என்று கடைக்காரர் கேட்டார். வழக்கமாக 'வண்டி துடைக்கும் துணி' என்பேன்.

கட்டுத் துணி என்றே எழுதச் சொன்னேன்.